நிமிடத்துக்கு ஒரு டிகிரி

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். அவளுக்கு எதற்குத்தான் கோபம் வரவில்லை? தராசு ஆடினால் கோபம், காய்ச்சி வடித்த நீர் தீர்ந்தால் கோபம், உள்ளூர்த் திருவிழாவுக்கு விடுமுறை விட்டு ஆய்வகத்தைப் பூட்டினால் அன்றைக்கு முழுக்கக் கோபம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் நான் ஆய்வக உதவியாளன். குடுவை கழுவுவது, சிலிண்டர் மாற்றுவது, பர்னஸ் என்று நாங்கள் சொல்கிற மின்சூளைக்குக் காவல் இருப்பது, இவைதான் என் வேலை. எத்தனையோ ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள், பட்டம் வாங்கினார்கள், போகும்போது லட்டு கொடுத்தார்கள். பாதிப் பேரின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. லட்டு கொடுக்காமல் போனவள் இவள் ஒருத்திதான்.

வந்த முதல் நாளே சண்டை. மே மாதம். அவள் ஏதோ உப்பை நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசில் கடைசி எண் நிற்காமல் ஆடியது. ஃபேனை நிறுத்து என்றாள். நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்து என்றாள். சாத்தினேன். எனக்கு வியர்வை காதுக்குள் வழிகிறது, அந்த எண் இன்னும் ஆடுகிறது.

"நாலாவது இடம்தானம்மா ஆடுது. பரவாயில்ல, எழுதிக்க" என்றேன்.

"யாருக்கு?"

"என்னா யாருக்கு?"

"யாருக்குப் பரவாயில்லன்னு கேக்கறன். உங்களுக்கா, எனக்கா, இல்ல இத நம்பி எவனோ ஒருத்தன் நாளைக்கு நிக்கப்போறானே, அவனுக்கா?"

ஒரு சிட்டிகை உப்புக்கு இவ்வளவு பேச்சா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீக்கடையில் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்புறம் அந்தக் கேள்வியை அவள் வாயால் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். துறையில் யார் 'பரவாயில்ல' என்றாலும் எந்த மூலையிலிருந்தாவது அவள் தலை நிமிரும். "யாருக்கு?" பியூன் முதல் பேராசிரியர் வரை அவள் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லப் பயந்தார்கள். தேவைப்பட்டால் வெளியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அவள் செய்துகொண்டிருந்தது காலி உருண்டை. நான் வைத்த பேர் இது. சர்க்கரைத் தண்ணீரை ஒரு கெட்டி இரும்புக் குப்பியில் ஊற்றி, திருகி மூடி, அடுப்பில் வைப்பாள். மறுநாள் திறந்தால் கறுப்புத் தண்ணீர். அதில் கண்ணுக்குத் தெரியாத கரி உருண்டைகள் கோடிக்கணக்கில் இருக்கும் என்பாள். அதைக் கழுவி, கழுவி, கழுவி, வெள்ளீய உப்புக் கரைசலில் போட்டுக் கலக்குவாள். கரி உருண்டைமேல் வெள்ளீயம் தோலாக ஒட்டும். காயவைத்துப் பர்னஸில் ஏற்றினால் உள்ளே இருக்கும் கரி எரிந்து போய்விடும். மிஞ்சுவது டின் ஆக்சைடு, வெறும் தோல், நடுவில் ஒன்றும் கிடையாது. கஷ்டப்பட்டு ஒன்றைச் செய்து, அதன் வயிற்றில் இருப்பதை எரித்துவிடுவதற்கு ஐந்து வருடம் படிக்க வேண்டுமா என்று நான் கிண்டல் செய்வேன்.

"கெட்டி உருண்டையா இருந்தா காத்து மேல மட்டும்தான் தொடும் அண்ணே. காலியா இருந்தா உள்ள பூந்து உள்தோலையும் தொடும். கொஞ்சூண்டு விஷவாயு வந்தாகூட உடனே தெரியும். சென்சார் கத்தும்."

"சரி, அதுக்கு ஏன் நாள் பூரா பர்னஸ புடிச்சி வச்சிக்கிற?"

"ஒரு நிமிஷத்துக்கு ஒரு டிகிரிதான் ஏத்தணும். மெதுவா எரிஞ்சா புகை தோல் வழியா நோவாம வெளிய போவும். அவசரப்படுத்துனா மொத்தமா முட்டும். தோல் வெடிச்சிரும்."

"வெடிச்சா என்னா, தூள் தூள்தான?"

"உப்பாத பூரிய பூரின்னு சாப்புடுவீங்களா?"

ஐந்நூறு டிகிரிக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஏறினால் எட்டு மணி நேரம் ஆகும். பத்து பத்தாக ஏற்றினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெடித்த தூளும் வெடிக்காத தூளும் கண்ணுக்கு ஒன்றுதான், இரண்டும் வெளிறிய மாவு. வித்தியாசம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். அது எங்களிடம் இல்லை. வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அன்றைக்கு ஞாபகம் இருந்த மாதிரியே.

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ரசாயனக் கம்பெனிகளுக்குப் பின்னால், ஆற்றோரம் அவர்கள் ஊர். நானும் அந்த வழியில் போயிருக்கிறேன். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பஸ்ஸில் எல்லாரும் கைக்குட்டையை எடுப்பார்கள், குழந்தைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பாளாம். எங்கள் கிளார்க் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். திமிர் என்றார். நானும் திமிர் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் அம்மோனியா பாட்டில் விழுந்து உடைந்தது. கண்ணும் மூக்கும் எரிய நாங்கள் எல்லாரும் வராந்தாவுக்கு ஓடினோம். எண்ணிப் பார்த்தால் இவளைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட நின்று, கண் ஏன் எரிகிறது என்று அடுப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"நாத்தம் தெரியலியா உனக்கு?"

அப்போதுதான் சொன்னாள், தெரியாது என்று. சின்ன வயதிலேயே போய்விட்டதாம். மல்லிகைப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. அவர்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஊருக்குள் புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்கள்தான் முதல் ஒரு வருடம் நாற்றம் நாற்றம் என்று அழுவார்களாம். அப்புறம் அவர்களும் அழுவதில்லை.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் என்னிடம் நீட்டுவாள். "கெட்டுப் போச்சா பாருங்க அண்ணே." நான் மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடு என்பேன். வேண்டாமென்றால் ஏன் என்றுகூடக் கேட்காமல் கொட்டிவிடுவாள். தராசை நம்பாதவள், பேராசிரியரை நம்பாதவள், என் மூக்கை நம்பினாள். அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் அப்பா ஒரு கம்பெனியில் கழிவுநீர்க் குழி பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளி. தரைக்குக் கீழே பெரிய குழி, இரும்பு மூடி, உள்ளே ஏணி. கீழே இருக்கும் வால்வில் அடைப்பு வந்தால் இறங்கி எடுக்க வேண்டும். அந்தக் குழியில்தான் அழுகிய முட்டை வாயு கட்டும். சென்சார் பெட்டியை அங்கே எப்படி மாட்டலாம் என்று அளவெடுக்க ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒல்லியான மனிதர். எப்போதும் சிரித்த முகம். இவருக்கா இப்படி ஒரு மகள் என்று தோன்றியது.

நாங்கள் போன நேரம் அடைப்பு எடுக்கும் நேரம். மூடியைத் திறந்தார்கள். குழியைச் சுற்றிப் பழைய ஆட்கள் மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான்காவது ஆள் மட்டும் முட்டி போட்டுக் குனிந்து, குழி வாயில் முகத்தை வைத்து மோந்து பார்த்தார். திட்டக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். போர்க்கிணற்றில் தண்ணீர் வற்றிப் போய், மக்காச்சோளம் காய்ந்து, அந்த வாரம்தான் வேலைக்கு வந்திருந்தார்.

"அடிக்குதா?" என்றார் அவள் அப்பா.

"அடிக்குது மாமா. கொடலப் புடுங்குது."

"அப்ப கெடக்கட்டும். அரை மணி போவட்டும்."

எனக்குப் புரியவில்லை. அவள் அப்பாவே விளக்கினார், ஏதோ நல்ல வழக்கத்தைச் சொல்வது போல. பழைய ஆட்களுக்கு மூக்கு செத்துவிடுகிறது. அதனால் யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும் அவரைத்தான் மோந்து பார்க்க வைப்பார்கள். அவருக்குப் பேரே 'புது மூக்கு'. நாற்றம் இல்லை என்று அவர் சொன்னால் இறங்குவார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் அவர் மூக்கும் போகும். அதற்குள் வேறு ஒரு ஆள் வந்துவிடுவார்.

"நான்கூட ஒரு காலத்துல புது மூக்குதான் தம்பி" என்று சிரித்தார்.

அவள் கத்தினாள். கம்பெனி வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்குக் கேட்கும்படி கத்தினாள். அந்தக் கத்தலை இங்கே எழுத முடியாது. அப்பா கையை ஆட்டி அடக்கினார். "பரவாயில்லம்மா. இத்தினி வருஷமா ஒண்ணும் ஆவலியே."

"யாருக்குப்பா? யாருக்குப் பரவாயில்ல?"

அவர் அதற்கும் சிரித்தார். திட்டக்குடிக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றார்.

திரும்பி வரும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. அப்புறம் சொன்னாள். "ஜாஸ்தியா இருந்தா அந்த வாயு மொதல்ல மூக்கத்தான் கொல்லும் அண்ணே. கொஞ்சமா இருக்கும்போது நாறும். நெறைய ஆனா நாத்தமே தெரியாது. காத்து நல்லாயிடுச்சின்னு நெனைப்பாங்க. அப்பதான் எறங்குவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க அப்பாவுக்கு ஒரு மூக்கு செய்யறன். சாவாத மூக்கு. அதுக்குத்தான் இந்தக் காலி உருண்ட. பட்டம் வந்தா வருது, வராட்டி போவுது."

அதற்கப்புறம் நான் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபிறகு அதைக் கிண்டல் செய்ய முடியவில்லை.

இனிமேல் சொல்லப்போவது என் கதையும்தான்.

குழியில் மாட்டும் பெட்டிக்கான கடைசித் தூள். சாதாரண நாளில் பர்னஸை அவளே ஏற்றுவாள், எட்டு மணி நேரமும் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். அன்று காலை அப்பாவுக்குத் தலைச்சுற்றல், கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. தூள் வைத்த பீங்கான் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"ஒரு டிகிரி அண்ணே. ஒரே ஒரு டிகிரி."

"போம்மா நீ. நான் பாத்துக்கறன்."

அவள் போனதும் ஒரு டிகிரிதான் வைத்தேன். பர்னஸ் ரெஜிஸ்டரில் தேதி, அவள் பெயர், வேகம் 1 என்று எழுதினேன். அரை மணி நேரம் கழித்துத் துறைத் தலைவர் வந்தார். இரண்டு நாளில் ஒரு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அவருடைய சொந்த மாணவனின் சாம்பிளும் அதற்குள் சூளையில் ஏறி இறங்க வேண்டும்.

"இது எப்ப முடியும்?"

"சாயங்காலம் ஆவும் சார். அப்புறம் ஆறணும்."

"அவ்வளவு நேரமெல்லாம் முடியாதுப்பா. பத்து வையி."

"வெடிச்சிரும்னு அந்தப் பொண்ணு..."

"ஒரு தடவதான? பரவாயில்ல."

என் பணி நிரந்தரக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. பதினோரு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருந்த எனக்கு அதை வெளியே தள்ளக்கூடிய கை அவருடைய கைதான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பட்டனை அழுத்தினேன். ஒன்று அழிந்து பத்து வந்தது. ரெஜிஸ்டரில் இருந்த 1 அப்படியே இருந்தது. சாயங்காலம் தூளை எடுத்துச் சிமிழில் போட்டேன். வெளிறிய மாவு. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். தூளைக் குழைத்துச் சென்சாரில் பூசினாள், பெட்டியில் பொருத்தினாள், கண்ணாடிக் கூண்டில் வைத்து சிலிண்டரிலிருந்து வாயுவைத் துளி விட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை விட்டாள். மூன்றாம் தடவைக்கு முன்னால் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, ரொம்ப லேட்டா கத்துது. ஏணில பாதி எறங்கன பொறவு கத்தி என்னா புண்ணியம்? பர்னஸ எத்தன வச்சீங்க?"

"ஒண்ணுதாம்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். தன்னுடைய கரைசலில்தான் ஏதோ தப்பு என்று அன்று முழுக்கத் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் நான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவி வைத்த குடுவைகளைத்தான் மறுபடியும் கழுவினேன்.

அடுத்த நாள், பெட்டியைக் கம்பெனிக்குக் கொடுக்கும் விழா. கல்லூரி அரங்கம், ஷாமியானா, ஆய்வுக் குழு, கம்பெனி மேலாளர், பொன்னாடை. அவள் அப்பாவை 'பயனாளி' என்று சொல்லி முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். புதுச் சட்டை. மேடையில் கண்ணாடிக் கூண்டில் பெட்டியை வைத்து, துறைத் தலைவரே வாயுவைத் தாராளமாகத் திறந்துவிட்டார். அவ்வளவு வாயுவுக்கு வெடித்த தூளும் கத்தும். கத்தியது. எல்லாரும் கை தட்டினார்கள். பெட்டியை மேலாளர் கையில் கொடுக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் மேடையேறி, பெட்டியைத் தொடாமல், மைக்கைப் பிடித்தாள்.

"இது வேலை செய்யாது."

அரங்கம் சிரித்தது. ஏதோ அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

"நெசமாத்தான் சொல்றன். குழில இருக்கற அளவுக்கு இது லேட்டாத்தான் கத்தும். இத நம்பி யாரும் எறங்கக் கூடாது. என் கணக்குல தப்பு இல்ல, மூணு தடவ பாத்துட்டன். பர்னஸ் வேகமா ஓடியிருக்கு."

துறைத் தலைவரின் முகம் மாறியது. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். ரெஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். என்னைத்தான் சொன்னார். நானே போய், நானே எடுத்து வந்து, நானே கொடுத்தேன். அவர் விரலை வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "வேகம் ஒண்ணு. தெளிவா எழுதியிருக்கு. நீ பண்ண தப்ப மெஷின் மேல போடாதம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாமல் அவள் என்னைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மேடைக்குக் கீழே, சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன், அந்தக் குழியைச் சுற்றி நின்ற ஆட்களைப் போல. மைக்கிலேயே கேட்டாள்.

"அண்ணே, எத்தன டிகிரி வச்சீங்க?"

நூறு பேர் திரும்பினார்கள். அவள் அப்பாவும் திரும்பினார், அதே சிரிப்போடு.

"ரெஜிஸ்டர்ல இருக்கறதுதாம்மா" என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து, சென்சாரைப் பிடுங்கி ரவிக்கைக்குள் செருகும் பணம் மாதிரி பர்ஸுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள். துறைத் தலைவர் மேலாளர் காதில் குனிந்து, மைக்குக்குப் பக்கத்தில் என்பதை மறந்து சொன்னது அரங்கத்துக்கே கேட்டது: "பரவாயில்ல சார், போட்டோ எடுத்துக்கலாம்." எடுத்தார்கள். சென்சார் இல்லாத பெட்டியோடு மேலாளரும் தலைவரும் சிரிக்கிற அந்தப் படம் எங்கள் துறை வராந்தாவில் இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். தினமும் என் வயிறு எரிகிறது. என் வயிறு எரிந்து யாருக்கு என்ன?

அதற்கப்புறம் அவளுடைய அரையாண்டு அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் தலைவர். ஒழுங்கீனம். அவள் வருவதை நிறுத்திவிட்டாள். கம்பெனியில் அந்தப் பெட்டியைக் குழிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள். கரண்ட் கொடுத்தால் பச்சை விளக்கு எரியும், அதற்குச் சென்சார் தேவையில்லை. மேற்பார்வையாளர் பச்சை விளக்கைக் காட்டி ஆட்களை இறங்கச் சொன்னார். முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று அவள் போய் இரும்பு மூடிமேல் உட்கார்ந்துகொண்டாளாம். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லையாம். பெட்டியின் ஒயரையும் பிடுங்கிவிட்டாளாம். மறுநாள் அப்பாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஒயரை மறுபடி சொருகிவிட்டார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது பஸ்ஸில் தற்செயலாகச் சந்தித்த திட்டக்குடிக்காரர். சொல்லும்போது பஸ் அந்த நாற்றத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் கைக்குட்டையை எடுத்தேன். அவர் எடுக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆய்வகத்தைத் திறந்தேன். அவள் விட்டுப்போன, இன்னும் கரி எரிக்காத கறுப்புத் தூள் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பர்னஸில் ஏற்றினேன். ஒரு டிகிரி. அவளுடைய ஸ்டூலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அப்புறம் ரெஜிஸ்டரைத் திறந்து, அந்தப் பழைய 1-ஐ அடித்துவிட்டு 10 என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். தூள் ஆறியதும் சிமிழையும் ரெஜிஸ்டரையும் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் விடிந்ததும் கடலூர் பஸ் ஏறினேன்.

அவள் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்தாள். எதற்காகப் போனேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் போயிருக்கிறேன். உலகத்தில் எல்லாரும் சும்மா சொல்கிற வார்த்தை, அவள் மட்டும் சொல்லாத வார்த்தை.

உள்ளேயிருந்து அப்பா சொன்னார். "பரவாயில்ல தம்பி. உள்ள வாங்க, காப்பி சாப்புடுங்க."

அவள் அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இத எனக்கு ஏன் காட்றீங்க?" என்றாள். "எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. அங்க இருந்தாங்களே, அவுங்களுக்குக் காட்டுங்க. நான் எல்லார் முன்னாடியும்தான கேட்டன்?"

சிமிழை மட்டும் வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து, அவள் சாப்பாட்டு டப்பாவை நான் மோந்து பார்ப்பது போல, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத டெஸ்ட் பண்ணாம நம்ப மாட்டன்" என்றாள். கதவைச் சாத்தினாள். காப்பி குடிக்காமல் வந்தேன்.

அன்றே, பதினோரு மணிக்கு, ரெஜிஸ்டரோடு துறைத் தலைவர் அறை வாசலில் நின்றேன். மனதுக்குள் எல்லா வசனமும் தயாராக இருந்தது. அவர் போன் பேசிக்கொண்டே வெளியே வந்தார். "என்னப்பா?" என்றார் புருவத்தால். ரெஜிஸ்டரைத் திறந்து நீட்டினேன். "கையெழுத்து சார்" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான். அவர் பேச்சை நிறுத்தாமல், பார்க்காமல், அந்த அடித்த எண்ணுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் பீரோவில் இருக்கிறது. உண்மை எழுதப்பட்டு, இரண்டு கையெழுத்தோடு, பூட்டப்பட்டு இருக்கிறது. இதுவரை யாரும் படித்ததில்லை. அடுத்த மாதம் என் பணி நிரந்தர ஆணை வந்தது.

அவள் பட்டம் வாங்கவில்லை. திருவதிகைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித் தருகிறாள் என்று கேள்வி. அங்கே பிள்ளைகள் 'பரவாயில்ல மிஸ்' என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூளை வைத்து ஒரு பெட்டி செய்திருக்கிறாள், பழைய டிபன் டப்பாவில், பேட்டரி போட்டு. திட்டக்குடிக்காரர் அதைச் சாப்பாட்டுப் பையில் மறைத்து எடுத்துப் போய், மேற்பார்வையாளர் பார்க்காத நேரம் கயிறு கட்டிக் குழிக்குள் விடுகிறாராம். ஒரு நாள் சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, டப்பா கீழே போனதுமே கத்தியிருக்கிறது. யாரும் இறங்கவில்லை. அவருக்கு அப்போது மூக்கில் ஒன்றும் தெரியவில்லையாம். எனக்குப் போன் பண்ணி நன்றி சொன்னார். தூள் நான் கொடுத்தது என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். அதையும் சரியாகச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். நான் போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்ச் சுவரில் குத்தினேன். கைதான் வீங்கியது.

துறைத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு நடந்த விழாவில் நாற்காலி போட்டவனும் நான்தான். இப்போதுதான் இதை எழுதத் துணிச்சல் வந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் ஒன்று சொன்னேன், பெயரை எழுதினால் அவளுக்குக் கோபம் வரும் என்று. அது பொய். பெயர் போட்டால் அவள் கோபப்பட மாட்டாள். அவள் பெயரைப் போட்டால் எந்தக் கல்லூரி என்று தெரியும், கல்லூரி தெரிந்தால் எந்த உதவியாளன் என்று தெரியும். ஓய்வு பெற எனக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. இதை எங்கேயாவது அவள் படித்தால், பெயரை யாருக்காக விட்டீங்க அண்ணே என்று கேட்பாள். எனக்காகத்தான்.

ஆனால் அன்றைக்கு மைக்கில், எல்லார் முன்னாலும் கேட்ட கேள்விக்காவது இத்தனை பேர் படிக்கிற இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். எத்தனை டிகிரி வைத்தேன் என்று கேட்டாள்.

பத்து.